அறுத்து வேட்டைத் துப்பாக்கியாக்கிய ராணுவ ரைஃபிளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

கேள்வி இதுதான். ஒருவருக்குக் குடும்பச் சொத்தாக ஒரு .303 லீ-என்ஃபீல்ட் வந்திருக்கிறது. முன்பக்க மரத்தை யாரோ பாதியில் அறுத்திருக்கிறார்கள். மேலே மூடியிருக்க வேண்டிய மரங்களைக் காணோம். தோளில் அணைக்கும் பட் கட்டையில் பளபளவென்று வார்னிஷ், அடியில் ரப்பர் மெத்தை. குழலின் பின்முனையைத் தாங்கும் இரும்புக் கூடான ரிசீவரில் டெலஸ்கோப் மாட்டத் துளைகள். இதை மறுபடியும் ராணுவத்தில் இருந்த மாதிரி ஆக்க முடியுமா, செலவழிப்பது தகுமா என்று கேட்கிறார்.

குழல் அறுபடாமல் இருந்தால் முடியும். தகுமா என்பது பணத்தை மனத்தில் வைத்துக் கேட்டால் பெரும்பாலும் தகாது. மரம், இரும்பு உதிரிகள் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால், கை படாத ஒரு முழு ரைஃபிளின் விலையைத் தொட்டுவிடும். சில சமயம் தாண்டியும் போகும். ஆனால் இது குடும்பத்தில் வந்த ரைஃபிள் என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது. இதே ரைஃபிளை இன்னொரு கடையில் வாங்க முடியாதே.

முதலில் இப்படி ஏன் அறுத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது, அறுத்தவர்மேல் வரும் கோபம் கொஞ்சம் குறையும். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் ராணுவங்களிடம் லட்சக்கணக்கில் ரைஃபிள்கள் மிஞ்சின. அவற்றைச் சல்லிசாக விற்றார்கள். அமெரிக்காவில் 1968-ல் சட்டம் வரும்வரை அஞ்சல் வழியாகவே வரவழைத்துக்கொள்ளலாம். மான் வேட்டைக்குப் போகிறவருக்கு நான்கு கிலோ எடையில், பயனட் மாட்டும் மூக்கோடு ஒரு ரைஃபிள் எதற்கு? ரம்பம், அரம், ஒரு டப்பா வார்னிஷ், ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்தது. அன்றைக்கு அது பழம்பொருளும் இல்லை, அரிய பொருளும் இல்லை.

எல்லா மாற்றமும் கொல்லைப்புற வேலை என்றும் நினைக்க வேண்டாம். 1903-ல் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளை ஏற்ற கையோடு, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்காக ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையே ஒன்றை வேட்டைக்கு ஏற்ற மாதிரி செய்து கொடுத்தது. 1909-ல் அவர் ஆப்பிரிக்கா போனபோது அதுவும் கூடப் போனது. நியூயார்க்கின் கிரிஃபின் அண்ட் ஹவ், பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் ராணுவ ரைஃபிள்களை எடுத்து முறையான வேட்டைத் துப்பாக்கிகளாக்கி விற்றன. அவற்றில் கிரிஃபின் அண்ட் ஹவ் வேலைக்கு இன்று ராணுவ நிலையில் இருக்கும் ரைஃபிளைவிட விலை அதிகம். ஆகவே குழல்மேல், ரிசீவர்மேல், பட் கட்டையின் அடித்தகட்டில் ஏதாவது நிறுவனப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அதை "மீட்டால்" ஒரு நல்ல பொருளை அழித்து ஒரு சுமாரான பொருளை உண்டாக்கியதாகத்தான் ஆகும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. அதனால் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் லீ-என்ஃபீல்ட் அமைப்பிலேயே .315 அளவில் வேட்டை ரைஃபிள்களைப் புதிதாகச் செய்து விற்றன. பார்க்க அறுத்த .303 மாதிரியே இருக்கும். ஆனால் அது பிறந்ததே அப்படித்தான், மீட்க ஒன்றும் இல்லை. அதேபோல இஷாப்பூர் தொழிற்சாலை காவல் பணிக்காக .303-களை .410 ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளாக மாற்றியது. அதுவும் அரசு செய்த மாற்றம். அந்த நிலைதான் அதன் வரலாறு.

சரி, உங்கள் ரைஃபிளுக்கு வருவோம். காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டு) மூடி, ஒரு மரக்குச்சியைக் குழலின் வாய் வழியாக உள்ளே விட்டு போல்ட் முகத்தைத் தொடும்வரை தள்ளுங்கள். குழல் வாயின் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். லீ-என்ஃபீல்டின் குட்டை ரைஃபிளிலும் அதற்குப் பின்வந்த நம்பர் 4-லும் 25.2 அங்குலம், அதாவது 640 மி.மீ. இருக்க வேண்டும். ஜெர்மன் கார் 98கே என்றால் 600 மி.மீ., அமெரிக்க 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் 610, எம்1917 என்றால் 660, ரஷ்ய மோசின் 91/30 என்றால் 730. அளவு சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இரண்டு அங்குலம் குறைந்தாலும் கதை வேறு. குட்டை லீ-என்ஃபீல்டில் முன்னால் மாட்டும் நோஸ் கேப் என்ற இரும்பு மூடியின் காதுகள், குறிபார்க்க உதவும் முன் சைட்டைப் பாதுகாப்பதற்காக இருப்பவை. குழல் குட்டையானால் அந்த சைட் இருந்த இடமே இல்லை, நோஸ் கேப்பை மாட்டியும் பயன் இல்லை. அப்போது வேறு குழல்தான் வேண்டும். அறுத்த குழலின் முனையில் ஒரு போலித் துண்டைச் சேர்த்து நீட்டுகிறவர்கள் உண்டு. சுவரில் மாட்டுவதற்கு மட்டும் என்றால் சரி. ஆனால் அது சுடத்தக்கதல்ல என்று தெளிவாக எழுதி வைக்காமல் அந்த ரைஃபிளைக் கைமாற்றக் கூடாது.

குழல் நீளம் சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தோட்டா அறை பழையதுதானா என்று உறுதிசெய்யுங்கள். பலர் தவறவிடும் இடம் இது, ஆபத்தான இடமும் இதுதான். போர் முடிந்து அமெரிக்காவுக்கு வந்த ஜெர்மன் மௌசர்களுக்கு 7.92×57 தோட்டா கிடைப்பது கஷ்டமாக இருந்தது, .30-06 காலித் தோட்டாக் கூடுகளோ எங்கும் கிடைத்தன. அதனால் அறையை நீளமாகக் குடைந்து 8மி.மீ.-06 என்று ஒரு புதுத் தோட்டாவுக்கு மாற்றினார்கள். குழலின் மேல் எந்தக் குறியும் இல்லாமல் இப்படி மாற்றப்பட்டவை ஏராளம். ஜப்பானிய 7.7 அரிசாக்காக்களுக்கும் இதே கதி, அவற்றை நேரே .30-06-க்குக் குடைந்தார்கள். .303-லும் தோட்டாவின் தோளை மாற்றிக் குடைந்த வகைகள் உண்டு. அப்படிக் குடைந்த அறையில் பழைய ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பித்தளை வெடித்து வாயு முகத்துக்கு வரலாம்.

இதைக் கண்டுபிடிக்க அறையை வார்ப்பெடுப்பார்கள். செரோசேஃப் என்று ஓர் உலோகக் கலவை இருக்கிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். குழலை உள்ளே அடைத்து, அறைக்குள் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தால் அறையின் அச்சு கையில் வரும். உடனே அளக்கக் கூடாது. அது முதலில் சுருங்கிப் பிறகு விரியும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில்தான் உண்மையான அளவுக்கு வரும். இதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் செய்வது நல்லது.

அடுத்து அடையாளம். குட்டை லீ-என்ஃபீல்டில் பட் கட்டை நுழையும் இரும்புப் பகுதியின் வலப்பக்கத்தில் கிரீடம், அரசர் எழுத்துகள், செய்த இடம், ஆண்டு, மார்க் (மாதிரியின் பதிப்பு எண்) எல்லாம் வரிசையாக இருக்கும். என்ஃபீல்ட், பிஎஸ்ஏ, லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ், ஆஸ்திரேலியாவின் லித்கோ, இஷாப்பூர் ஆகியவை முக்கியமான தொழிற்சாலைகள். நம்பர் 4 என்றால் இங்கிலாந்தின் ஃபசகர்லி, மால்ட்பி, பிஎஸ்ஏ-வின் ஷெர்லி ஆலை, கனடாவின் லாங் பிராஞ்ச், அமெரிக்காவின் சாவேஜ். இவற்றில் எது, எந்த ஆண்டு, எந்த மார்க் என்று தெரியாமல் ஒரு திருகைக்கூட வாங்காதீர்கள்.

உதாரணத்துக்கு மார்க் 3-ஐ எடுத்துக்கொள்வோம். 1907-ல் வந்த அந்த ரைஃபிளில் மேகசினை மூடும் கட்-ஆஃப் தகடு, இடப்பக்கம் தொலைதூரச் சரமாரிச் சுடுதலுக்கான தனி சைட், பக்கவாட்டில் நகர்த்தக்கூடிய பின் சைட் எல்லாம் இருந்தன. போர்க்களத்துக்கு இவ்வளவு வேலைப்பாடு தேவையில்லை, உற்பத்தி வேகமாக வேண்டும் என்று 1916-ல் இவற்றைக் கழற்றிவிட்டு மார்க் 3 ஸ்டார் என்று ஆக்கினார்கள். உங்கள் ரைஃபிள் 1915-ல் செய்த மார்க் 3 என்றால் சரமாரி சைட்டுக்கு வெட்டு உள்ள முன்கட்டை வேண்டும். அது கிடைப்பது அரிது, விலையும் கூட. 1918-ன் மார்க் 3 ஸ்டார் என்றால் சாதாரண முன்கட்டை போதும்.

ஆனால் இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. "பழைய நிலை" என்றால் எந்த ஆண்டின் நிலை? 1915-ல் ஆலையை விட்டு வெளியே வந்த ரைஃபிள் அப்படியே 1945 வரை இருந்ததில்லை. ராணுவப் பழுதுபார்ப்பாளர்கள் குழலை மாற்றினார்கள், கட்டையை மாற்றினார்கள், கட்-ஆஃபைக் கழற்றினார்கள். முழுப் பழுதுபார்ப்பு நடந்திருந்தால் எஃப்டிஆர் என்ற முத்திரையும் ஆண்டும் பக்கத்தில் இருக்கும். அமெரிக்க 1903-ல் குழலின் வாய்க்குப் பின்னால் செய்த மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். 1918-ன் ரிசீவரில் 1942-ன் குழல் இருப்பது சர்வசாதாரணம். அந்த ரைஃபிளுக்கு முதல் உலகப் போர்க் கால மரத்தையும் உதிரிகளையும் தேடிப்பிடித்துப் போட்டால், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு ரைஃபிளை நீங்கள் உருவாக்குகிறீர்கள். என் கணக்கு எளிமையானது. மிஞ்சியிருக்கும் இரும்பில் கடைசியாக ராணுவம் கைவைத்தது எப்போது என்று பார்த்து, அந்த ஆண்டுக்கு மீட்க வேண்டும். குழல் மாற்றிய ஆண்டு, எஃப்டிஆர் முத்திரை, ரிசீவரில் கட்-ஆஃபுக்கான வெட்டு இருக்கிறதா இல்லையா, பின் சைட் எந்த வகை. இந்த நான்கும் ஓரளவு பதில் சொல்லிவிடும். சேகரிப்பாளர்களில் பலர் "ஆலையிலிருந்து வந்த நாள்" என்பதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். அது அவர்கள் விருப்பம்.

அப்புறம் மரம். லீ-என்ஃபீல்டில் பணமும் பொறுமையும் போவது இங்கேதான். மற்ற உதிரிகளை வாங்குவதற்கு முன்னால் முன்கட்டையை வாங்குங்கள், மற்றதெல்லாம் அதில்தான் தொங்க வேண்டும். மரத்தின் வகை பொருந்த வேண்டும். பிரிட்டிஷ் ஆலைகளில் வால்நட், பின்னால் நம்பர் 4 காலத்தில் பீச், பிர்ச். லித்கோவில் குயின்ஸ்லாந்து மேப்பிளும் கோச்வுட்டும். இஷாப்பூரில் பழுதுபார்த்த முன்கட்டைகளில் ரிசீவருக்குக் கீழே குறுக்காக ஒரு திருகு ஓடும், மரம் பிளக்காமல் இருக்க. சேகரிப்பாளர்கள் அதை இஷாப்பூர் ஸ்க்ரூ என்பார்கள். இந்தியாவுக்கே வராத ரைஃபிளில் அந்தத் திருகுள்ள கட்டையைப் போட்டால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். மாறாக, இந்தியாவில் பணியாற்றிய ரைஃபிளுக்கு அதைவிடப் பொருத்தமான கட்டை கிடையாது.

வந்த கட்டையை நேரே மாட்டித் திருகை இறுக்கிவிட்டால் வேலை முடியாது. சுடும்போது வரும் பின்னுதைப்பு முழுவதையும் முன்கட்டையின் உட்புறத்தில் ரிசீவரைத் தாங்கும் இரண்டு தோள்கள்தான் வாங்குகின்றன. அந்தத் தோள்கள் ரிசீவரோடு இருபக்கமும் சமமாக ஒட்டியிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் ரிசீவர் பின்னால் இடித்து, கடைசியில் கட்டையின் பின்நுனி பிளக்கும். கோச்வுட் மென்மையான மரம் என்பதால் லித்கோவில் அந்த இடத்தில் செம்புத் தகடுகளையே பதித்தார்கள். தேய்ந்த தோளை வெட்டியெடுத்து, கடினமான மரத்துண்டை ஒட்டி, ரிசீவரில் மை தடவி எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சீவ வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

முன்னால் இருக்கும் பெரிய திருகுக்குள் ஒரு சின்னக் குழாய் வளையம் இருக்கும். பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும், உதிரிகளை விற்பவர்களிடம் பெரும்பாலும் காணாமலும் போயிருக்கும். திருகை இறுக்கும்போது மரம் நசுங்காமல் காப்பது அதுதான். அது இல்லாமல் இறுக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மரம் உள்வாங்கும், சுடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். குட்டை ரைஃபிளில் நடுவளையத்தின் கீழ் ஒரு திருகும் சுருளும், நோஸ் கேப்புக்குள் குழலை மேல்நோக்கித் தாங்கும் ஒரு சின்ன முளையும் சுருளும் உண்டு. அறுத்தவர் இவற்றையெல்லாம் தூக்கிப் போட்டிருப்பார். நம்பர் 4-ல் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே முன்கட்டையின் நுனியே குழலை 2 முதல் 7 பவுண்டு அழுத்தத்தில் மேல்நோக்கித் தாங்க வேண்டும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. குட்டை லீ-என்ஃபீல்டில் பட் கட்டையைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் முனை சதுரமானது. அது முன்கட்டையின் பின்னால் உள்ள ஒரு தகட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும், தானாகக் கழன்றுவிடாமல் இருக்க. முன்கட்டையைக் கழற்றாமல் நீள ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். முதலில் முன்கட்டை, அப்புறம்தான் பட். மாட்டும்போது தலைகீழ் வரிசை. பட் கட்டையும் ஒரே அளவு இல்லை. எல் என்று குத்தியிருந்தால் நீளம், எஸ் என்றால் குட்டை, பி என்றால் அதைவிடக் குட்டை, ஒன்றுமில்லாவிட்டால் சாதாரணம். உங்களுடையதில் ரப்பர் மெத்தை வைப்பதற்காகப் பட் கட்டையை அறுத்திருப்பார்கள், எனவே அதையும் மாற்ற வேண்டியிருக்கும். அறுத்த முன்கட்டையை அப்படியே நீட்டவும் வழி உண்டு. வேறொரு கட்டையின் முன்பாதியை எடுத்து, ஒட்டும் இடம் உலோக வளையத்துக்கு அடியில் வரும்படி சேர்த்தால் வெளியே தெரியாது. போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கைப்பற்றிய மௌசர்களையும் அரிசாக்காக்களையும் கித்தான் பைக்குள் அடக்க, வளையத்துக்கு அடியிலேயே கட்டையை அறுத்தார்கள். அந்த அறுப்புகளை இப்படித்தான் உள்ளே கம்பி வைத்து, எபாக்ஸி பூசி ஒட்டுகிறார்கள். அறுப்பே அந்த ரைஃபிளின் வரலாறு என்று அப்படியே விட்டுவிடுவோரும் உண்டு, எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

வார்னிஷை எடுக்க உப்புத்தாளைத் தொடாதீர்கள். தேய்த்தால் முத்திரைகள் போய்விடும், கூர்மையான விளிம்புகள் மழுங்கும், இரும்புக்கும் மரத்துக்கும் இடையே படி விழும். அதற்கான ரசாயனக் களிம்பைப் பூசி, ஊறவிட்டு, மழுங்கிய மரச்சீவலால் வழித்தெடுங்கள். பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி பிடித்தால் மரநார் உப்பி மேலே வரும். வெட்டுக்காயத்துக்கு இது பலிக்காது, நசுங்கலுக்கு மட்டும்தான். கடைசியில் ஆளி விதை எண்ணெய். பச்சை எண்ணெய்தான் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்தியது. மெல்லப் பூசி, கையால் தேய்த்து, காயவிட்டு மறுபடியும். காய்ச்சிய எண்ணெய் சீக்கிரம் காயும், ஆனால் பளபளப்பு வரும். எண்ணெயில் நனைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

இரும்புக்கு வந்தால் என் அறிவுரை ஒன்றே ஒன்று: புதுப்பூச்சு வேண்டாம். துப்பாக்கி இரும்புக்குரிய நீலக்கறுப்பு நிறத்தை, அதாவது நீலத்தை, புதிதாக ஏற்ற வேண்டுமானால் முதலில் பாலிஷ் போட வேண்டும், பாலிஷ் போட்டால் எழுத்துகளின் ஓரங்கள் உருகி வழிந்த மாதிரி ஆகும். துருவை எண்ணெயும் மெல்லிய எஃகுப் பஞ்சும் கொண்டு நீக்குங்கள், தேய்ந்த நிறம் அப்படியே இருக்கட்டும். ஏற்கெனவே யாராவது கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு நீலம் ஏற்றியிருந்தால் மட்டும் மறுபூச்சைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் அந்த ரைஃபிளின் காலத்துக்கு ஏற்ற பூச்சு வேண்டும். அமெரிக்க 1903-களில் முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்திலிருந்து பார்க்கரைசிங் என்ற சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு வந்தது, அதற்கு முன்னால் நீலம். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் பழுதுபார்ப்பில் பாஸ்பேட்டின் மேல் சன்கோரைட் என்ற கறுப்புப் பெயின்ட். மௌசர்களில் பின் சைட்டின் அடிப்பகுதி ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது; சூடான உப்புக் கரைசலில் நீலம் ஏற்றும் முறை அந்தப் பற்றைத் தின்றுவிடும், சைட் கையோடு வந்துவிடும். ஜப்பானிய அரிசாக்காவில் சரணடைந்தபோது தேய்த்தெடுக்கப்பட்ட பேரரசரின் செவ்வந்திப் பூ முத்திரையை மறுபடி செதுக்கித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். தேய்த்ததுதான் நடந்த வரலாறு.

டெலஸ்கோப் துளைகளைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. எளிய வழி, அதே மரையுள்ள தலையில்லாத திருகை எண்ணெய் தடவிப் போட்டு, மட்டமாக அரத்தால் தேய்த்து, கறுப்பேற்றுவது. அரையடி தள்ளி நின்றால் தெரியாது, நாளைக்கு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். வெல்டிங் வைத்து மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரிசீவர் சூட்டுப்பதம் கொடுத்த எஃகு. போல்ட்டின் தாங்கு முனைகள் பூட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் சூடு பட்டால் பதம் கெடும், பிறகு அந்த ரைஃபிளைச் சுடுவது சூதாட்டம். எம்1917-களில் பின் சைட்டின் இரண்டு காதுகளையும் தேய்த்தெடுத்திருப்பார்கள். அதை வெல்டிங்கில் திரும்ப உருவாக்கும் வேலைக்கு ஆகும் பணத்தில் நல்ல நிலையில் இன்னொன்றே வாங்கிவிடலாம், அதை விட்டுவிடுங்கள். அந்த வகையில் எடிஸ்டோன் ஆலையில் செய்தவற்றில் குழலை அசுரத்தனமாக இறுக்கியிருப்பார்கள், கழற்ற முயன்றால் ரிசீவரே விரிசல் விடலாம்.

சுட நினைத்தால் ஹெட்ஸ்பேஸ் பார்க்காமல் சுடக்கூடாது. போல்ட் மூடிய நிலையில், தோட்டா மேலும் முன்னே போகாமல் தடுக்கப்படும் இடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள தூரம்தான் அது. .303-க்கு விளிம்புள்ள தோட்டா என்பதால் விளிம்பின் தடிமனை வைத்து அளக்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவக் கணக்கில் 0.064 அங்குல கேஜின் (அளவு பார்க்கும் உலோகத் துண்டு) மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜின் மேல் மூடக் கூடாது. நம்பர் 4-ல் போல்ட் தலைகளுக்கு 0 முதல் 3 வரை எண் உண்டு. எண் ஏற ஏற நீளம் கூடும், அதை மாற்றிச் சரிசெய்யலாம். குட்டை ரைஃபிளின் தலைகளில் எண் கிடையாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். போல்ட் உடலையே வேறு ரைஃபிளிலிருந்து மாற்றியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அதன் தாங்கு முனைகள் அந்தந்த ரிசீவருக்கென்று பொருத்தப்பட்டவை. ஒன்று மட்டும் பட்டு மற்றொன்று படாவிட்டால் பளு முழுவதும் ஒரு பக்கம் போகும். 1903 ஸ்பிரிங்ஃபீல்டில் இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் 800,000-க்குக் கீழான எண்கள், ராக் ஐலண்டின் 285,507-க்குக் கீழான எண்கள் பழைய சூட்டுப்பதத்தில் செய்தவை. அந்த எஃகு நொறுங்கக்கூடியது. எவ்வளவு அழகாக மீட்டாலும் அவை பார்ப்பதற்கு மட்டும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசீவர், குழல், போல்ட் கைப்பிடி, பின் சைட், நோஸ் கேப், முன்கட்டையின் அடிப்பக்கம் என்று ஒரே எண் பல இடத்தில் குத்தியிருக்கும். நீங்கள் வாங்கும் நோஸ் கேப்பில் வேறு எண் இருக்கும். அதை அழித்து உங்கள் எண்ணைக் குத்தலாமே என்று தோன்றும். குத்தாதீர்கள். ராணுவப் பழுதுபார்ப்பாளரும் பழைய எண்ணின் மேல் கோடு போட்டுவிட்டுப் புதியதைக் குத்தினார் என்பது உண்மைதான், ஆனால் அவருக்கு அந்த உரிமை இருந்தது. இன்றைக்கு நீங்கள் செய்தால் விற்கும்போது அது மோசடி. ரிசீவர் எண்ணைத் தொடுவது பெரும்பாலான நாடுகளில் குற்றமும்கூட. எண் பொருந்தாத, ஆனால் வகையும் காலமும் பொருந்துகிற உதிரிகள் போதும்.

போலிகளையும் கவனியுங்கள். நம்பர் 4-ஐ அறுத்து, முனையில் கூம்பு மாட்டி, நம்பர் 5 "ஜங்கிள் கார்பைன்" என்று விற்றவை நிறைய. கோல்டன் ஸ்டேட் ஆர்ம்ஸ் என்ற நிறுவனம் சான்டா ஃபே என்ற பெயரில் இவற்றை வெளிப்படையாகவே செய்து விற்றது. உண்மையான நம்பர் 5-ல் எடை குறைக்க ரிசீவரிலும் குழலின் அடியிலும் உலோகத்தைச் சீவியிருப்பார்கள். அந்தச் சீவல் இல்லாவிட்டால் அது அறுத்த நம்பர் 4. அதை நம்பர் 4-ஆக மீட்க நினைத்தால் குழலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உரிமம் இல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். குழல், போல்ட், ரிசீவர் ஆகியவை பல இடங்களில் தனித்தனியாகவே ஆயுதப் பாகங்களாகக் கருதப்படும். தபாலில் வரவழைக்கும் முன் விசாரியுங்கள். செயலிழக்கச் செய்த ரைஃபிள் என்றால் மரத்தையும் வெளி உதிரிகளையும் தாண்டி உள்ளே போகக் கூடாது.

உங்கள் ரைஃபிளுக்கு நான் சொல்லும் வரிசை: குழலை அளப்பது, அறையை வார்ப்பெடுப்பது, குறிகளை எல்லாம் படமெடுப்பது. இவை சரியாக இருந்தால் முன்கட்டை, மேல்மரங்கள் இரண்டு, நோஸ் கேப், வளையங்கள், திருகுகள், கடைசியாகப் பட். ஒரே ஆளிடம் முழுத் தொகுப்பாக வாங்கினால் மரங்களின் நிறமும் ஒத்துப்போகும், சின்னத் திருகுகளுக்காக மாதக்கணக்கில் அலையவும் வேண்டாம். கழற்றிய வேட்டைக் கட்டையையும் ரப்பர் மெத்தையையும் டெலஸ்கோப் தாங்கியையும் எறிந்துவிடாதீர்கள். எது எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அவற்றோடு சேர்த்து ஒரு பெட்டியில் வையுங்கள். உங்களுக்குப் பின் இதைக் கையில் எடுப்பவர் தாத்தா வேட்டைக்குப் போன நிலையையே விரும்பக்கூடும். அவருக்கு அரைமணி நேர வேலைதான்.